குட்டியின் கரணம்

குட்டிக்கரணம் என்கிற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக வாயில் போட்டு மெல்லுகிறோம் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதற்கு, குட்டிக்கரணம் போட்டாலும் கிடைக்காது என்கிறோம். பையன் எட்டாம் வகுப்புத் தேறமாட்டான் என்பதற்கும் அதே குட்டிக்கரணம்தான். சொல்கிறவர்களில் ஒருவராவது வாழ்நாளில் ஒரு கரணம் போட்டிருப்பாரா? தலையைக் கீழே கொடுத்து, காலை மேலே எடுத்து, மறுபடியும் காலிலேயே வந்து நிற்பது என்ன பாடு என்று தெரிந்தவர்கள் அந்தச் சொல்லை இப்படி வாரி இறைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து பம்பாய் தாராவியில் அந்தப் பாடு தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் அந்தச் சொல்லை வாயால் சொன்னதே கிடையாது.

அவள் பெயர் ஆறுமுகத்தாய். எங்கள் சந்தில் எங்களுக்கு எதிர் அறை. புருஷன் தளவாய், டிராம்பேயில் எண்ணெய்க் குழாய் போடும் காண்டிராக்டரிடம் ஃபிட்டர். நான் செம்பூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். பேண்ட் போட்டு ஆபீஸ் போகிறவன் என்பதால், சந்தில் எந்த விசேஷமானாலும் என்னைக் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்துவிடுவார்கள். என் மனைவி சேசம்மாளுக்கு ஆறுமுகத்தாய் என்றால் உயிர். இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி சேசம்மாளிடம் ஆறுமுகத்தாய் சொன்னது.

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மாதுங்கா நூலகத்தில் அகராதியைப் புரட்டினால், கரணம் என்றால் செய்கை என்று போட்டிருக்கிறது. நாட்டியத்தில் கையும் காலும் சேர்ந்து செய்யும் அசைவுக்கும் அதுதான் பெயர். சிதம்பரம் கோபுர வாசலில் அதையெல்லாம் கல்லில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் இருந்தால் அது கலை, தெருவில் போட்டால் கூத்தாடித்தனம், அது வேறு விஷயம். குட்டி என்றால் சிறியது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்துச் சந்து மராத்திக்காரர்கள் இதையே கோலாண்டி உடி என்பார்கள். உடி என்றால் தாவல். முன்பாதி, தெருவில் இந்த ஆட்டம் ஆடும் கோல்ஹாட்டி என்ற சாதியின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள்.

ஆறுமுகத்தாய்க்குத் தெரிந்த கதை வேறு. அவள் கழைக்கூத்தாடிகள் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், ஒரு மேளம், கட்டி நிறுத்த நாலு மூங்கில், அவ்வளவுதான் வீடு. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு, கூட்டத்திடம் பேசுவது தமிழ். கடைசிப் பிள்ளைக்கு அங்கே தனியாகப் பெயர் வைப்பதில்லை. குட்டி என்பார்கள். அடுத்தது பிறந்தால் பெயர் அதற்குப் போய்விடும். இவளுக்குப் பிறகு பிள்ளை இல்லாததால் குட்டியாகவே நின்றுவிட்டாள். அப்பா மேளத்தை அடித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து, பெரியவன் போட்டால் கரணம், நம்ம குட்டி போட்டால் என்ன என்று கேட்பார். குட்டிக்கரணம் என்று கூட்டம் கத்தும். இவள் மூங்கில் உச்சியிலிருந்து அந்தரத்தில் ஒரு சுற்றுத் திரும்பி அண்ணன் கையில் வந்து விழுவாள். அந்தச் சொல் தன்னால்தான் உலகத்துக்கு வந்தது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள் பாவம்.

கரணம் போட மட்டும் அல்ல, கரணத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலில் வந்து நின்றதும் நாலு திசைக்கும் கும்பிடு. அந்தக் கை கீழே வருவதற்குள் தட்டை நீட்டிவிட வேண்டும். கைதட்டல் ஓய்ந்தால் கூட்டம் கலைந்துவிடும், கலைந்த கூட்டம் காசு போடாது. விழுந்த முதல் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போட்டவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் கணக்கில் ஒரு கரணம். நடுவில் நிறுத்தினால் முதுகில் அடி விழும்.

தளவாய் அவளைப் பார்த்தது செம்பூரில், ரயில்வே லைனை ஒட்டிய மைதானத்தில். சம்பள நாளில் கூலிக்காரர்கள் கூடும் இடமாகப் பார்த்து அவர்கள் ஆடுவார்கள். அப்போது அவள் வளர்ந்துவிட்டாள், மூங்கில் தாங்காது. தரையில் மட்டும்தான் கரணம். தளவாய் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் நின்றான். பிறகு ஆட்டம் முடிந்த பின்னும் நின்றான். அவள் வீட்டார் சூரத் பக்கம் கிளம்புகிற சமயத்தில், அவள் அவனோடு வந்துவிட்டாள். அப்பா பேசவில்லை. அம்மா மட்டும் தெலுங்கில் ஒரு புத்தி சொல்லி அனுப்பினாள். குடும்ப வீட்டுக்குப் போகிறாய், இனிமேல் கால் தவறினால் விழுந்துவிடு, அந்தரத்தில் திரும்பாதே என்றாள்.

மாதுங்கா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஆறுமுகத்தாய் என்ற பெயரை வைத்தவனே தளவாய்தான். எங்கள் பக்கத்து வழக்கில் வந்தாவ, போனாவ என்று பேசக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். ஊரிலிருந்து அவன் அம்மா பார்வதியம்மாளும் தங்கை பேராச்சியும் வந்து சேர்ந்தபோது, நம்ம ஆட்கள்தான், தாயும் தகப்பனும் காலராவில் போய்விட்டார்கள் என்று ஒரு கதையைச் சோடித்து வைத்திருந்தான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டான். கேட்கிறவர்களுக்கு அவனே முந்திக்கொண்டு பதில் சொல்லுவான். ஆசைப்பட்டுக் கூட்டி வந்தவன், அவள் யாரென்று சொல்லமட்டும் கூசினான்.

அவள் நன்றாகத்தான் மறைத்தாள். உடம்புதான் அடங்கவில்லை. தாராவி ஓரமாகப் போகிற பெரிய தண்ணீர்க் குழாய்தான் எங்கள் ஆட்களுக்குப் பாதி வழி ரோடு. மழைக்காலத்தில் அதன்மேல் நடப்பதென்றால் ஆண்பிள்ளைகளே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். இவள் இடுப்பில் குடத்தோடு, பின்னால் வருகிறவர்களிடம் திரும்பிப் பேசிக்கொண்டே போவாள். திடீரென்று நினைப்பு வந்து, இரண்டு கையையும் விரித்துத் தடுமாறுகிற மாதிரி நடிப்பாள். நடிப்பு படு மோசம் என்று சேசம்மாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது எங்களுக்குக் காரணம் தெரியாது.

குழாயடியில் ஒரு நாள் யாரோ யாரையோ திட்டும்போது, நீ குட்டிக்கரணம் போட்டாலும் உன் புருஷன் திரும்ப மாட்டான் என்றாளாம். ஆறுமுகத்தாய் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். தன்னைப் பற்றி யார் இவர்களுக்குச் சொன்னது என்று பயம். பிறகு ஊர் முழுக்க அந்தச் சொல் புழங்குவதைக் கேட்டுக் கேட்டு, அது தன் பெயரில் பிறந்த சொல் இல்லை என்று தெரிந்துகொண்டாள். அதில் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் மராத்திக்காரர்களின் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தபோது வெலவெலத்துப் போனாள். அந்தச் சொல்லிலேயே ஆடுகிறவர்களின் சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, நாக்கில் எடுத்தாலே காட்டிக்கொடுத்துவிடுமே என்று நினைத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

இன்னொன்றும் செய்தாள். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில், தலையணையையும் ஜமுக்காளத்தையும் கீழே பரப்பி, மச்சு ஏணியில் ஏறி நின்று, விழுந்து பழகப் பார்த்தாள். எல்லோரும் விழுவதுபோல் தொப்பென்று விழ வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. கால் படியை விட்டதும் இடுப்பு தானாகத் திரும்பிவிடும், பாதம் தரையைத் தேடிப் போய் நின்றுவிடும். எத்தனை தடவை முயன்றும் நின்றுகொண்டேதான் இருந்தாளாம். கடைசியில் ஜமுக்காளத்தின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டு, அதை மடித்து வைத்துவிட்டு உலை வைத்தாள்.

பேராச்சிக்குக் காட்கோபரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை கணேசபாண்டியன், சொந்த மளிகைக்கடை. அம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். குலம் கோத்திரம், கொடுத்த வீடு எடுத்த வீடு என்று மூன்று தலைமுறை விசாரித்தபிறகுதான் பெண் பார்க்கவே சம்மதித்தாள். பேராச்சிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இது கைநழுவினால் பம்பாயில் இன்னொன்று கிடைக்காது என்று பார்வதியம்மாள் ஜன்னி வந்தவள்போலத் திரிந்தாள். ஆறுமுகத்தாய் அந்த அறையைச் சுவர் முதல் கதவு வரை கழுவி, மருமகளாக என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்து வைத்தாள்.

தாராவி அறைகளில் தலைக்கு மேலே பலகை அடித்து ஒரு மச்சு இருக்கும். பாத்திரம், படுக்கை எல்லாம் அதில்தான். ஏற ஒரு மர ஏணி. மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நானும் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டேன். பலகாரம் வைக்க நல்ல தட்டு வேண்டும் என்று பார்வதியம்மாள் சொல்ல, ஆறுமுகத்தாய் மச்சில் ஏறி வெண்கலத் தட்டை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்துத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ இடம் விட நகர, பாய் இழுபட்டது. பாயின்மேல் நின்ற ஏணியும் கூடவே சரிந்தது.

எல்லோரும் ஐயோ என்று வாயைத் திறந்தார்கள், ஆனால் சத்தம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில் இருந்த கையகல இடத்தில் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். சேலை கலையவில்லை. வெண்கலத் தட்டு கையில்தான் இருந்தது. ஏணிதான் சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

அத்தோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆண்டவன் புண்ணியம், பிழைத்தாள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கை நிற்கவில்லை. கிழக்கே ஒரு கும்பிடு, மேற்கே ஒரு கும்பிடு, வடக்கே, தெற்கே. பிறகு தட்டு நீண்டது. நீட்டிய தட்டோடு அரை அடி நகர்ந்து சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பெரியப்பா பிச்சையா வெள்ளை மனசுக்காரர். கூத்து, சர்க்கஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்று நிற்கிற ஆள். அவர் கையும் பழக்கத்தில் இடுப்புப் பைக்குப் போய்விட்டது. நாலணாவை எடுத்து அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத் தட்டில் போட்டார். டங்கென்று விழுந்தது.

"குட்டிக்கரணம்னா இதுல்லா குட்டிக்கரணம்" என்றார்.

அவள் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நொடி அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காசைத் தட்டிலும் போட முடியாமல், கையிலும் வைத்துக்கொள்ள முடியாமல் நின்றாள். அவள் கழுத்து, காது எல்லாம் சிவந்து கறுத்தது. பேராச்சி அடுப்படித் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பாவைப் போல வெள்ளை மனசுக்காரி அல்ல. அவள் ஆறுமுகத்தாயைப் பார்க்கவே இல்லை. நேராகத் தளவாயைப் பார்த்தாள்.

"இவ கூத்தாடி மகள்னு உமக்குத் தெரிஞ்சுதான் கட்டுனீரா?"

இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் உண்டு. தளவாய் தங்கையின் பக்கம் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குத் தெரியாது. என்கிட்டயும் மறைச்சிட்டா."

செம்பூர் மைதானத்தில் முன்வரிசையில் நின்றவன் அவன். ஆறுமுகத்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கோபப்படுவாள், அழுவாள், ஏதாவது சொல்லுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"ஆமா. அவுகளுக்குத் தெரியாது" என்றாள்.

தட்டையும் காசையும் கீழே வைத்துவிட்டு, விழுந்து கிடந்த ஏணியை நிமிர்த்திச் சாய்த்து, மச்சில் ஏறிக்கொண்டாள். கீழே பேரம் நடந்தது. வேறென்ன சொல்வது, பேரம்தான். ஏமாற்றப்பட்ட வீட்டைத் தண்டிப்பானேன் என்று அந்தப் பக்கம் இறங்கி வந்தார்கள். கல்யாணத்தன்று அவள் யார் கண்ணிலும் படமாட்டாள் என்று பார்வதியம்மாள் வாக்குக் கொடுத்தாள். பார்வதியம்மாள் முகத்தில் அதிர்ச்சியைக் காணோம், களைப்புத்தான் இருந்தது. குழாய்மேல் மருமகள் நடந்த நடையை அவளும் பார்த்திருப்பாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பேராச்சி மச்சில் ஏறி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று மதினியின் மடியில் விழுந்தாளாம். ஆறுமுகத்தாய் அவள் தலையைச் சீவிவிட்டு, உனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொள், என்னால் நின்றது என்ற பேரையும் எனக்கு வாங்கித் தராதே என்று இறக்கி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றுதான் எனக்கு மனசை அறுத்தது. சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டது. யாரும் அவளை ஏசவில்லை, ஒதுக்கி வைக்கவில்லை. ஆனால் குழாயடியில் குட்டிக்கரணம் என்ற சொல் காணாமல் போயிற்று. யாராவது பழக்கத்தில் குட்டி என்று ஆரம்பித்துவிட்டு, அவள் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள். நொண்டி எதிரில் வந்தால் கால் பேச்சை விடுகிற மாதிரி. ஊர் முழுக்க வாரி இறைத்த சொல்லை இவள் ஒருத்திக்காக எல்லோரும் விழுங்கினார்கள். சொன்னபோது பயந்தாள், சொல்லாமல் விட்டபோது கூனிக் குறுகினாள். சேசம்மாளிடம், அவர்கள் திட்டினால்கூடத் தேவலை அக்கா என்றாளாம்.

தளவாயும் ஏசவில்லை. எப்படி ஏசுவான்? வேலை விட்டு வரும்போது பூ வாங்கி வருவான். அவள் கையில் கொடுக்க மாட்டான், அலமாரியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவான். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பான், பேசும்போது சுவரைப் பார்ப்பான். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தைப் பார்க்காமலே காலம் தள்ளுவது எவ்வளவு பெரிய வித்தை. எதிர் அறையிலிருந்து பார்த்த எங்களுக்கே மூச்சு முட்டியது.

கல்யாணம் எங்கள் சந்திலேயே நடந்தது. தகரக் கூரைகளுக்கு நடுவில் ஷாமியானா கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, கீழே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஆறுமுகத்தாய் எங்கே என்று கேட்டவர்களுக்கு, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வந்தது. அவள் மச்சில் இருந்தாள். விடிந்ததும் ஏறியவள். அவள் ஏறிய பிறகு தளவாய் ஏணியை வெளியே எடுத்துப் போனான். பல்பு கட்ட வேண்டும் என்றான். பல்பு கட்டி முடித்த பிறகும் அது சமையல் அடுப்புக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தே நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணமகளைப் பார்க்க அறைக்குள் வந்து போவார்களே, ஏணி இருந்தால் மேலே யாரென்று எட்டிப் பார்ப்பார்களே என்று அவன் யோசித்திருக்கிறான்.

தாலி ஏறியது. மேளச் சத்தம் மச்சுப் பலகையில் அதிர்ந்திருக்கும். மேலே இருக்கிறவளுக்கு மேளம் என்றால் வேறு நினைப்பு வருமே என்று சேசம்மாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சீர்ப் பாத்திரங்களுக்குக் காவலாகச் சேசம்மாள்தான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். மேலே யார் இருப்பது என்று அவளுக்குத் தெரியும். மேலே இருந்தவளுக்கும் கீழே யார் என்று தெரியும்.

வெளியே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது தளவாய் உள்ளே வந்தான். பட்டுக்கரை வேட்டி, கையில் இலை மடித்துச் சோறு, கறி எல்லாம். டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்று, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, இலையை மட்டும் மேலே தூக்கிக் காட்டினான். மச்சின் விளிம்பில் அவள் கை நீண்டது. உள்ளங்கை விரிந்திருந்தது. அவன் அதில் இலையை வைத்தான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்குக் காசு போட்ட பெரியவரு என் மூஞ்சியப் பாத்துப் போட்டாரு" என்றாள். "நீங்க பாக்காமப் போடுதீங்க."

தளவாய் பெட்டியைவிட்டு இறங்கினான். பிறகு மெதுவாக, ஆள் எல்லாம் போகட்டும், சாயங்காலம் நீ குதிச்சு இறங்கிக்கிடலாம்லா, உனக்கு என்ன ஏணியா வேணும் என்றான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"இனிமே குதிக்க மாட்டேன்" என்றாள். "நான் இந்த வீட்டு மனுஷின்னா ஏணியக் கொண்டாங்க. எல்லாரையும் போல இறங்குதேன். இல்லன்னா மேலயே இருக்கேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை என்று சேசம்மாள் சொன்னாள். உப்புக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாளாம். ஆனால் அந்தப் பலகைக்கு மேலேயே அவள் கிடந்து காய்ந்து போவாள், இறங்க மாட்டாள் என்பது கேட்டவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. தளவாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பந்தியில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அடுப்புப் பக்கத்திலிருந்து தளவாய் வந்தான், தோளில் ஏணி. எங்கள் சந்தில் இரண்டு வரிசை இலை போட்டால் நடுவில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம். அந்த இடத்தில் ஏணியைச் சுமந்துகொண்டு வந்தான். முன்முனை காகிதத் தோரணத்தை அறுத்தது, பின்முனை ஒரு தூணில் இடித்தது. பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். சாப்பிடுகிறவர்கள் தலையைத் தாழ்த்தி ஏணிக்கு வழிவிட்டு, பிறகு இந்தக் கூத்து என்ன என்று அண்ணாந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, பந்தி நடுவில் எதற்கு ஏணி என்று கேட்டாள்.

தளவாய் நின்றான். ஏணியை இறக்கவில்லை. சும்மா ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், பல்பு என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"எம் பொண்டாட்டி மேல இருக்கா. இறங்கணும்" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான். "அவ எங்கிட்ட எதையும் மறைக்கல. நாந்தான் உங்ககிட்ட மறைச்சேன்."

அப்புறம் பந்தியில் கேட்டது பிச்சையா பெரியப்பா ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். மாப்பிள்ளையின் அம்மா இலையை மூடிவிட்டு எழுந்தாள். தாலி ஏறிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்? ஆனால் அவள் அந்த வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை, பேராச்சி தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுகூட. பார்வதியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தளவாய் யாரையும் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். அவனுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஏணியோடு அறைக்குள் போனான். நான் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் போனேன்.

அவன் ஏணியை மச்சு விளிம்பில் சாய்த்து, கீழே பாயைச் சுருட்டித் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தலை குனிந்தே இருந்தது. மேலே அவள் முகம் தெரிந்தது.

"மேல பாத்துப் பிடிங்க" என்றாள்.

அவன் முகத்தை நிமிர்த்தினான். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினாள். அவசரப்படவில்லை. தடுமாறுகிற மாதிரி நடிக்கவும் இல்லை. என் மனைவியும் நானும் எங்கள் வீட்டு ஏணியில் எப்படி இறங்குவோமோ அப்படித்தான். கடைசிப் படியை விட்டுத் தரையில் நின்று, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

தளவாய் ஏணியை விடவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சில் யாரும் இல்லை.